முப்பத்தாறாவது கோடு

"என்னங்க பண்றீங்க?"

"ஒண்ணும் பண்ணல."

"ஒண்ணும் பண்ணாத ஆளு எதுக்குக் கையை ரெண்டு பக்கமும் விரிச்சுக்கிட்டு நடக்கணும்?"

கூடத்தில் தரைக்கல்லும் தரைக்கல்லும் சேர்கிற கோட்டின் மேல் ஒரு காலுக்கு முன் ஒரு காலாக வைத்து நடந்துகொண்டிருந்த டிரைவர், கைகளை இறக்கிக்கொண்டார். வயது ஐம்பத்தாறு. அதில் முப்பது வருஷம் ரயில் எஞ்சினில் போயிருந்தது. ஒரு மாதத்துக்கு முன்புவரை தன் கால் தரையில் நேராகத்தான் நிற்கிறதா என்று அவருக்குச் சந்தேகம் வந்ததே இல்லை.

"கோடு தாண்டாம நடக்க முடியுதான்னு பார்த்தேன்."

"முடியுதா?"

"முடியுது."

"அப்ப வந்து சாப்பிடுங்க. ஆறிப்போகுது" என்றாள் மனைவி.

விஷயம் இதுதான். கல் குவாரிக்குப் பக்கத்தில் ரயில் பாதை பெரிதாக வளைகிற இடம் ஒன்று உண்டு. அங்கே தண்டவாளத்தையும் அதைத் தாங்குகிற கட்டைகளையும் புதிதாக மாற்றினார்கள். மாற்றிய பிறகு, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போன ரயில்கள் இனி எண்பதில் போகலாம் என்று உத்தரவு வந்தது. டிரைவர் எண்பதில் போனார். வளைவு முடியும் இடத்தில் யாரோ தோளைப் பிடித்து வெளிப்பக்கம் தள்ளியது போல இருந்தது. மறுநாளும் தள்ளியது. எழுதிக் கொடுத்தார். மற்ற டிரைவர்கள் பழைய பழக்கத்தில் அந்த இடத்தில் கொஞ்சம் வேகத்தைக் குறைத்துத்தான் போனார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பாதையை இரண்டு முறை அளந்தார்கள். எல்லா அளவும் புத்தகத்தில் இருப்பது போலவே இருந்தது.

பாதை சரி என்றால் அப்புறம் எது தப்பு? ஆள்தான். டாக்டரிடம் அனுப்பினார்கள். டாக்டர் அவரைச் சுழல்நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றிவிட்டு, கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார்.

"காதுக்குள்ள ஒரு நீர் இருக்கு. நாம நேரா நிக்கிறோமா, சாயுறோமான்னு அதுதான் மூளைக்குச் சொல்லும். வயசானா சில பேருக்குக் கொஞ்சம் பொய் சொல்லும்" என்றார் டாக்டர். "வியாழக்கிழமைக்குள்ள பாதை அறிக்கை வரட்டும். பாதையில குறை இல்லேன்னா உங்களை மெயின் லைன்ல விட முடியாது. ஷெட்டுக்குள்ள வண்டி நகர்த்துற வேலைதான்."

நாலு வருஷம் பாக்கி இருந்தது. அதை ஷெட்டுக்குள் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே கழிக்க வேண்டும்.

அதைவிடக் கொடுமை, அந்த அறிக்கையை எழுத வேண்டியவன் மனைவியின் சொந்தத் தம்பி. அந்தப் பகுதிப் பாதைக்கு அவன்தான் இன்ஸ்பெக்டர். இரண்டு முறை அளந்தவனும் அவன்தான். இன்று செவ்வாய்க்கிழமை. அக்கா காலையிலேயே ஃபோன் போட்டு வரச் சொல்லியிருந்தாள்; அவனும் வந்து எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான், மாமாவின் முகத்தைப் பார்க்காமல்.

"எழுதிட்டியாடா?" என்றாள் அக்கா.

"எழுதிட்டேன்க்கா. கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

"என்னன்னு எழுதின?"

"இருக்கறதை எழுதினேன். நான் என்ன பண்றது? மட்டக்கோலை வெச்சா கோல் சொல்றதுதானே எழுத முடியும்? மாமாவுக்காகக் கோல் பொய் சொல்லுமா?"

"அவருக்காக நீ பொய் சொல்லணும்னு யாரு கேட்டா? எனக்குப் புரியற மாதிரி சொல்லு. வளைவுல என்னத்த அளக்குறே?"

அவன் கையில் இருந்ததைத் தட்டில் வைத்தான்.

"சைக்கிள்ல வேகமாத் திரும்புறப்போ உள்பக்கம் சாயுறோம்ல? சாயலைன்னா வெளியே தூக்கி எறிஞ்சிடும். ரயில் தானாச் சாயாது. அதனால நாங்க சாய்ச்சுவிடறோம். வளைவுல வெளிப்பக்கத் தண்டவாளத்தை உள்பக்கத்தைவிட உசத்தி வைப்போம். குவாரி வளைவுல தொண்ணூத்தஞ்சு மில்லி. உன் நாலு விரலைச் சேர்த்து வெச்சா எவ்வளவு அகலமோ அதைவிடக் கொஞ்சம் கூட."

"அவ்வளவுதானா? அறுநூறு டன் ரயிலை நாலு விரல் உசரமா பிடிச்சு வைக்குது?"

"அதிகமாகவும் உசத்தக் கூடாதுக்கா. அதே பாதையில சரக்கு வண்டி ஊர்ந்துக்கிட்டுப் போகும். ரொம்ப உசத்தினா அது பாரத்தை எல்லாம் உள்பக்கத் தண்டவாளத்து மேலயே போட்டு நசுக்கிடும். வேகமாப் போறவனுக்கும் மெதுவாப் போறவனுக்கும் நடுவுல ஒரு சமாதானம் பண்ணி வைக்கணும்."

"உன் கல்யாணத்தப்போ ரெண்டு வீட்டுக்கும் நடுவுல நான் பண்ணி வெச்ச மாதிரி."

"அதேதான்."

சாப்பிட உட்கார்ந்த பிறகு டிரைவர் முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"உசரம் சரி மாப்ள. நான் ஒத்துக்கறேன். ஆனா என்னைத் தள்ளுதே."

"எங்க தள்ளுது மாமா?"

"வளைவு முடியப்போற இடத்துல."

"முடியப்போற இடத்துல உசரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுக்கிட்டே வந்து சமமாக்கியிருக்கோம். பத்து மீட்டருக்கு ஒரு தடவை அளந்தேன். ஒவ்வொண்ணும் சரி."

அக்கா இரண்டு தட்டையும் எடுத்தாள், இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை என்பதைக்கூடப் பார்க்காமல்.

"இங்க உட்கார்ந்து பேசினா ஆகாது. இவரைக் கூட்டிக்கிட்டுப் போ. எந்த இடம்னு அவர் காட்டட்டும். நீ அளந்து காட்டு. உங்க ரெண்டு பேர்ல யாரு தப்புன்னாலும் ராத்திரி இதே வீட்டுலதான் சாப்பிடணும், அதை ஞாபகம் வெச்சுக்கிட்டு எழுது."

பத்தரை மணிக்கு மாமாவும் மைத்துனனும் குவாரி வளைவில் நின்றார்கள். கூடவே மேஸ்திரி. அவருக்கு ஊரெல்லாம் 'டேப்' என்று பெயர். இருபத்தெட்டு வருஷமாகப் பாதையிலேயே நடக்கிற மனிதர். அளவெடுக்க டேப் கொண்டு வந்ததே இல்லை. கட்டைகளை எண்ணிக்கொண்டு நடந்தே இது நூறு மீட்டர், இது நூற்றிருபது என்று சொல்லிவிடுவார். சோதித்துப் பார்த்தவர்கள் எல்லாம் தோற்றுப் போயிருந்தார்கள்.

எஞ்சினின் ஜன்னல் வழியாக முப்பது வருஷம் பார்த்த பாதையை டிரைவர் ஜல்லிக்கல் மேல் நின்று பார்த்தது குறைவு. மேலிருந்து பார்க்கும்போது தண்டவாளம் மெல்லிய கோடு. கீழே நின்றால் அது முழங்காலளவு ஜல்லி மேட்டின் மேல், வெயிலில் சூடேறி, கண்ணுக்கு எட்டிய வரை வளைந்து போகிற இரும்பு. வெளிப்பக்கத் தண்டவாளம் உயர்ந்தும் உள்பக்கம் தாழ்ந்தும், பாதை முழுவதும் ஒருக்களித்துப் படுத்திருப்பது போல இருந்தது. பக்கவாட்டில் நின்று பார்த்தால்தான் அந்தச் சாய்வு தெரிந்தது. தெரிந்த பிறகு அதை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

தண்டவாளத்தின் பக்கத்தில் வெள்ளைப் பெயின்டில் கோடுகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கோட்டின் எண்ணும், அந்த இடத்தில் இருக்க வேண்டிய உயரமும். பூஜ்யத்தில் வளைவு ஆரம்பம். முப்பத்தாறில் முடிவு.

மைத்துனன் இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே மட்டம் பார்க்கும் கோலை வைத்தான். படித்தான். கோலைத் தலைமாற்றிப் போட்டு மறுபடி படித்தான். கோலிலேயே பிழை இருந்தால் அப்போது தெரிந்துவிடும்.

"முப்பதாவது கோடு. தொண்ணூத்தஞ்சு. புத்தகத்துல தொண்ணூத்தஞ்சு. பார்த்துக்கங்க மாமா."

"பார்த்தேன்."

"முப்பத்துமூணு. நாப்பத்தெட்டு. சரியா?"

"சரி."

"முப்பத்தாறு. பூஜ்யம். ரெண்டு பக்கமும் சமம். இதோ கம்பம், 'வளைவு முடிவு'ன்னு போட்டிருக்கு."

டிரைவர் அந்தக் கம்பத்தைத் தொட்டுப் பார்த்தார். அப்படியானால் காதுதான். காதுக்குள் இருக்கிற ஒரு சொட்டு நீர்.

"இந்தக் கம்பம் பழைய இடத்துலயே இருக்கா?" என்று சும்மா கேட்டு வைத்தார்.

"கட்டை மாத்துற மெஷின் போறதுக்காகப் பிடுங்கிட்டுத் திருப்பி நட்டோம்" என்றார் மேஸ்திரி. "கோட்டைப் பார்த்துத்தான் நட்டோம்."

டிரைவர் முட்டி போட்டார். வயிறு இடிக்க, இரண்டு கையையும் ஜல்லியில் ஊன்றி, வெளிப்பக்கத் தண்டவாளத்தின் மேல் கன்னத்தை வைப்பது போலத் தலையைச் சாய்த்தார்.

"மாமா, சுடும்."

"இரு."

ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, வளைவு முடிந்துபோன பக்கமாக, ரயில் போகிற திசையில் பார்த்தார். முடிந்த வளைவுக்கு அப்பால் தண்டவாளம் அடிக்கோல் வைத்துக் கிழித்தது போல நேராக ஓட வேண்டும். அது ஓடவில்லை. மெதுவாக, மிக மெதுவாக, யாருக்கும் தெரியாமல் நழுவப் பார்க்கிறவன் போல, உள்பக்கமாக ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தது.

"மாப்ள. இங்க வா. குனி."

"என்ன?"

"குனிஞ்சு பாருடா."

பதினைந்து வருஷம் கோலையும் புத்தகத்தையும் பார்த்து வேலை செய்த மைத்துனன், சட்டை அழுக்காவதைப் பார்க்காமல் படுத்தான். வெகு நேரம் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் வளையுது" என்றான் கடைசியில். குரல் தண்டவாளத்துக்குச் சொல்வது போல இருந்தது. "ஒரு சாண் அளவுக்கு இன்னும் வளையுது மாமா."

"வளையுதுல்ல?"

"ஆனா நாம இங்கயே சமம் பண்ணி வெச்சிருக்கோம்."

அவன் எழுந்து பையிலிருந்து நைலான் நூலை எடுத்தான். சரியாக இருபது மீட்டர் நூல், இரண்டு முனையிலும் பித்தளைக் கொக்கி. ஒரு முனையை முப்பத்தாறாவது கோட்டில் மேஸ்திரி பிடித்தார். மறுமுனை முப்பத்துநாலாவது கோட்டில் வந்து நிற்க வேண்டும். நிற்கவில்லை. கோட்டைத் தாண்டி இரண்டு மீட்டர் மிச்சம் தொங்கியது.

"நூல் இழுத்துப்போச்சு சார்" என்றார் மேஸ்திரி. "நைலான் அப்படித்தான். வெயில்ல நீண்டுடும்."

"ரெண்டு மீட்டரா நீளும்?"

"பழைய நூலு."

மைத்துனன் இரும்பு டேப்பை எடுத்துத் தண்டவாளத்தின் மேல் ஓடவிட்டான். குனிந்து படித்தான்.

"பதினெட்டு. இரும்பும் வெயில்ல நீளுமா அண்ணே? கோட்டுக்குக் கோடு ஒன்பது மீட்டர்தான் இருக்கு. பத்து இருக்கணும். இந்தக் கோடெல்லாம் யாரு போட்டா?"

"நான்தான் சார் போட்டேன். பழைய தண்டவாளத்தைக் கழட்டினப்போ அதுல இருந்த கோடும் கூடவே போச்சே. புதுசுல நான்தான் முதல்லேருந்து எண்ணிக்கிட்டே வந்து போட்டேன். எப்பவும் போல. பதினஞ்சு கட்டைக்கு ஒரு கோடு. என் எண்ணிக்கை தப்பாது சார், வேணும்னா இப்பவே..."

சொல்லிக்கொண்டே மேஸ்திரி கட்டைகள் மேல் நடக்க ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது கட்டையில் நின்றுவிட்டார். தன் காலைப் பார்த்தார்.

"என்ன அண்ணே?"

"புதுக் கட்டை போட்டதிலேருந்து நடக்கறப்போ கால் இடிச்சுக்கிட்டே இருக்கு சார். எட்டு வெச்சா கட்டை முன்னாடியே வந்துடுது. நானு... வயசாயிடுச்சு, கால் குட்டையாப் போச்சுன்னு நெனச்சேன். வீட்டுல கூடச் சொன்னேன்."

மைத்துனன் டேப்பை இரண்டு கட்டைக்கு நடுவே வைத்தான். அறுபது சென்டிமீட்டர். பழைய கட்டைகள் அறுபத்தாறுக்கும் கூடுதலான இடைவெளியில் இருந்தவை. புதுசை நெருக்கிப் போட்டிருந்தார்கள், பாதை இன்னும் உறுதியாக இருக்கட்டும் என்று. அந்த நெருக்கத்தில் மேஸ்திரியின் பதினைந்து கட்டை ஒவ்வொரு முறையும் ஒரு மீட்டரை விழுங்கியிருந்தது. ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. முப்பத்தாறு கோடு போய்ச் சேரும்போது முப்பத்தாறு மீட்டர் காணாமல் போயிருந்தது.

"ஒவ்வொரு உசரமும் சரி" என்றான் மைத்துனன். "ஒண்ணுகூட அதது இருக்க வேண்டிய இடத்துல இல்ல."

டிரைவர் பாதையைத் திரும்பிப் பார்த்தார். தான் எண்பதில் வந்த ஒவ்வொரு நாளும் நடந்தது இப்போது கண்ணுக்கு முன்னால் விரிந்தது. வளைவு இன்னும் முழு வளைவாக இருக்கும்போதே சாய்வு காலடியிலிருந்து நழுவ ஆரம்பித்திருக்கிறது. நாலு விரல் உயரம் பாதியாகி, பிறகு ஒன்றுமில்லாமல் போய், அறுநூறு டன்னும் சக்கரத்தின் ஓரத்தில் இருக்கிற அந்த ஒரு அங்குல விளிம்பை நம்பித் திரும்பியிருக்கிறது. பின்னால் பன்னிரண்டு பெட்டியில் ஆட்கள் தூங்கிக்கொண்டும், பழம் உரித்துக்கொண்டும் இருந்திருக்கிறார்கள். அதைத் தன் தோள் கண்டுபிடித்திருக்கிறது. தோளுக்கு யார் சொன்னார்கள்? காதுக்குள் இருக்கிற அந்த ஒரு சொட்டுதான் சொல்லியிருக்க வேண்டும். அதைப் போய் ஒரு மாதமாகச் சந்தேகப்பட்டோமே என்று நினைத்தபோது, அறியாமல் கை காதுமடலைத் தொட்டது.

"பதினொண்ணே முக்காலுக்கு எக்ஸ்பிரஸ் வரும்" என்றார்.

மைத்துனன் அதற்குள் ஃபோனை எடுத்திருந்தான். "ஸ்டேஷன் மாஸ்டரா? குவாரி வளைவுல எல்லா வண்டியும் முப்பதுல போகணும். இப்பலேருந்து. காரணமா? பாதையில பிழை. ஆமா, நான்தான் சொல்றேன். என் பேரையே எழுதிக்கங்க."

எக்ஸ்பிரஸ் வந்தது. முப்பதில் வந்தது. மூவரும் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். அவ்வளவு பெரிய உடம்பு, தன் பாட்டுக்கு அலட்சியமாக, இரும்போடு இரும்பு முனகிக்கொண்டு அவர்களைக் கடந்து போனது. ஒரு ஜன்னலில் இருந்த கைக்குழந்தை அவர்களைப் பார்த்துக் கையை ஆட்டியது. மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார்.

"சார், என் மேல எழுதுங்க."

"நீங்க கோடு போட்டீங்க. நான் ரெண்டு தடவை வந்து உங்க கோட்டுல கோலை வெச்சு அளந்தேன். கோட்டை அளக்கல. எதை எழுதறது?"

"என் மேலதான் எழுதணும்."

"உங்களைப் பத்தி ஒரு வரி வரும் அண்ணே. என்னைப் பத்தித்தான் ஒரு பக்கம் வரும்."

அன்று சாயங்காலம் பழைய அறிக்கையைக் கிழித்துப் போட்டுவிட்டு, அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து புதிதாக எழுதினான். எழுதி முடித்து அக்காவிடம் நீட்டினான். அவள் வாசித்தாள்.

"'என் கவனக்குறைவு'ன்னு ரெண்டு இடத்துல எழுதியிருக்கே."

"ரெண்டு தடவைதானே அளந்தேன்."

அவள் அவன் தலையில் ஒரு கணம் கையை வைத்துவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போனாள்.

வியாழக்கிழமை டாக்டர் அந்த அறிக்கையை இரண்டு முறை படித்தார். 'மெயின் லைனுக்குத் தகுதி' என்று எழுதி டிரைவரிடம் கொடுத்தார். "அந்தக் காதைக் கொஞ்சம் காட்டுங்க" என்று மறுபடி ஒரு முறை விளக்கடித்துப் பார்த்துக்கொண்டார். இந்த முறை சோதனைக்காக இல்லை.

பாதையைச் சரிசெய்ய ஒன்பது நாள் ஆயிற்று. எல்லாக் கோட்டையும் சுரண்டிவிட்டு, மேஸ்திரி இடுப்பில் செருகிய புது டேப்பால் அளந்து அளந்து புதிதாகப் போட்டார். பாதையில் வேலை செய்த கேங் ஆட்கள், "டேப்புக்கே டேப்பா?" என்று கேலி செய்தார்கள். "போடா, ரெண்டும் இருக்கட்டும்" என்று அவர் எண்ணவும் செய்தார், அளக்கவும் செய்தார். மைத்துனனுக்கு மேலிடத்திலிருந்து கண்டனக் கடிதம் வந்தது. வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். மெஷின் வந்து கட்டைகளுக்கு அடியில் ஜல்லியைக் குத்திக் குத்தித் தண்டவாளத்தை உயர்த்தியது. முதல் நாள் ரயில்களை முப்பதில் விட்டார்கள். பிறகு ஐம்பது, அறுபத்தைந்து.

எண்பதுக்கு அனுமதி வந்த காலையில் முதல் வண்டி டிரைவருடையது. உதவி டிரைவருக்குப் பின்னால், அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டு, மைத்துனன் நின்றிருந்தான். மூன்றாவது பெட்டியில் ஜன்னலோரமாக அக்கா. "நான் சாட்சி. தள்ளுச்சுன்னா ரெண்டு பேரையும் சும்மா விடமாட்டேன்" என்று சொல்லி ஏறியிருந்தாள்.

"பயமா இருக்கா மாப்ள?"

"இல்ல மாமா. எண்பதுல உள்ளேயிருந்து நான் பார்த்ததே இல்ல. வெளியேயிருந்துதான் பார்த்திருக்கேன்."

"பேசாம நில்லு. எதையும் பிடிச்சுக்காதே."

வளைவு வந்தது. முன்னால் இருந்த வானமும் மரங்களும் மெதுவாகச் சாய்ந்தன. சாய்ந்தது தாங்கள்தான் என்று உடம்பு ஒப்புக்கொள்ள மறுத்தது. இருக்கை டிரைவரை நேர் கீழே அழுத்தியது. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. பூமி தன்னிடம் இருக்கிற ஈர்ப்பு விசையில் ஒரு பங்கை எடுத்து, நாலு விரல் உயரத்தின் வழியாக, ரயிலைத் திருப்பக் கொடுத்துக்கொண்டிருந்தது. முப்பது வருஷமாக இது நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அது இல்லாமல் போன சில நாட்களில்தான் அது இருந்ததே அவருக்குத் தெரிந்தது.

முப்பதாவது கோடு கடந்தது. அவர் தோள் காத்துக்கொண்டிருந்தது. முப்பத்தொன்று. முப்பத்துமூன்று. வளைவு எவ்வளவு விட்டதோ அவ்வளவே சாய்வும் விட்டது. தூங்குகிற குழந்தையைக் கையிலிருந்து பாயில் இறக்கிப் படுக்கவைப்பது போல, பாதை அவ்வளவு பெரிய ரயிலை நேர்கோட்டில் இறக்கி வைத்தது.

மைத்துனன் எதையும் பிடித்துக்கொள்ளாமல் நின்றிருந்தான். கண் கலங்கியிருந்தது.

"எதுவுமே தெரியலையே மாமா."

"ஆமா" என்றார் டிரைவர்.

அடுத்த ஸ்டேஷனில் வண்டி நின்றது. பிளாட்பாரத்தில் அக்கா எஞ்சினை நோக்கி வேகமாக நடந்து வந்தாள். இரண்டு பேரும் இறங்கி நின்றார்கள்.

"ஏங்க, அந்த வளைவு எப்ப வரும்?"

"எந்த வளைவு?"

"ஒரு மாசமா ரெண்டு பேரும் சேர்ந்து என் உயிரை வாங்கினீங்களே, அந்தக் குவாரி வளைவு. நானும் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கேன். எதிர்ல ஒரு அம்மா ஸ்வெட்டர் பின்னிக்கிட்டு வர்றாங்க. அவங்ககிட்டகூடச் சொல்லி வெச்சிருக்கேன், ஊசியைப் பார்த்துப் பிடிங்க, ஒரு இடத்துல தள்ளும்னு."

"தாண்டி வந்தாச்சு" என்றார் டிரைவர்.

"எப்ப?"

"பத்து நிமிஷம் இருக்கும்."

அவள் நம்பாமல் தம்பியைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான். பிறகு அவள் திரும்பி, வந்த வழியைப் பார்த்தாள். பன்னிரண்டு பெட்டிகள் பிளாட்பாரத்தையும் தாண்டிப் பின்னால் நீண்டு கிடந்தன. யாரோ தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது பெட்டியின் ஜன்னலில் அந்த அம்மா குனிந்த தலை நிமிராமல் பின்னிக்கொண்டிருந்தாள். அக்கா கடைசிப் பெட்டிவரை கண்ணை ஓட்டிப்போய், திரும்பவும் எஞ்சின்வரை கொண்டுவந்தாள். பிறகு தன் நாலு விரலைச் சேர்த்து வைத்துப் பார்த்தாள்.

"இத்தனை பெருசையா?" என்றாள், மெதுவாக.